விழுந்த இடம் நாற்பத்தொன்று

அர்த்தநாரி கேட்டது ஒரே கேள்விதான். அதை மூன்று தடவை கேட்டார். முதல் தடவை பதிலாக ஒரு நோட்டு கிடைத்தது. இரண்டாம் தடவை ஒரு மலைப் பயணம் கிடைத்தது. மூன்றாம் தடவை வந்த பதில் அவரைப் பார்த்துச் சொல்லப்பட்டதே அல்ல.

அவர் முப்பத்திரண்டு வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ‘அர்த்தநாரி நோட்ஸ்’ என்றால் தெரியாத ஜெராக்ஸ் கடை அந்தப் பக்கத்தில் கிடையாது. தேர்வில் தேறியவர்கள் அவரைக் கும்பிட்டார்கள். தேறாதவர்கள் படிக்கவில்லை என்று அவர் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது எழுத வேண்டும் என்று கிளம்பி, யாரோ சொன்ன முகவரியைப் பிடித்துக்கொண்டு, ராசிபுரத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடிப்படி ஏறினார்.

மேலே இருந்தவள் சுடர்விழி. முப்பத்துநான்கு வயது. அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள். குருவைத் தேடிப் போகிறவர்கள் தாடியை எதிர்பார்ப்பார்கள். இவருக்கு வாய்த்த குரு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு “உக்காருங்க சார்” என்றது.

அவள் செய்த மென்பொருளின் பெயர் ‘கையிருப்பு’. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை குப்பி இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் போனில் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரியும் தன் கம்ப்யூட்டரில் அதை ஏற்றி ஓடவிட வேண்டும். ஓடும்வரை அந்த ஆஸ்பத்திரி போனில் தெரியும். நின்றுபோனால் மறைந்துவிடும்.

அது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விலை கிடையாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆளும் கிடையாது. எழுதி வைத்திருப்பதுதான் ஆள். ஆனால் அப்படி எழுதி வைத்தது எதுவும் அதற்கு இல்லை.

“அதுக்குக் கையேடு எழுதத்தான் வந்திருக்கேன்ம்மா. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டார் அர்த்தநாரி.

“புரோகிராம் எழுதுவீங்களா சார்?”

“தெரியாது.”

“கம்ப்யூட்டர் பழக்கம்?”

“மெயில் பாப்பேன். பேரனோட வீடியோவுல பேசுவேன்.”

“நல்லது” என்றாள் சுடர்விழி.

அந்த ‘நல்லது’ அவருக்குச் சுருக்கென்றது.

“ஏம்மா, இதைச் செஞ்சவ நீ. உனக்குத் தெரியாததா? நீயே எழுதிரலாமே?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க சார்.”

வேலை அதிகம், அதனால் ஏதோ சாக்கு சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தாள். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துக் காலி செய்தாள். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டையும், தனக்காகக் கிறுக்கி வைத்திருந்த ஒன்பது வரிக் குறிப்பையும் கொடுத்தாள்.

“இதுல கையிருப்பை நீங்களே ஏத்துங்க. நான் சொல்லித் தரமாட்டேன். விழற இடத்தையெல்லாம் நோட்டுல எழுதுங்க.”

“எந்திரிச்சது?”

“அது வேண்டாம். விழுந்தது மட்டும்.”

*

மூன்று நாள் விழுந்தார்.

இறக்கிய கோப்பு கம்ப்யூட்டரில் எங்கே போய் உட்கார்ந்துகொண்டது என்று தெரியவில்லை. எழுதினார். கடவுச்சொல்லை அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்து லேப்டாப்பைத் தட்டினார். அதையும் எழுதினார். தலைமையாசிரியர் முன்னால் நின்ற அறுபது வயதுப் பையனைப் போல இருந்தது. இருந்தாலும் ஒளிக்காமல் எழுதினார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

இரண்டாம் நாள் பதினேழாவது இடம் வந்தது. குறிப்பில் இருந்த கடைசி வரியை அப்படியே அடித்து, என்டரைத் தட்டினார். கறுப்புத் திரை. ஒன்றும் வரவில்லை. ஒரு எழுத்தில்லை, ஒரு சத்தமில்லை. காத்திருந்தார். வகுப்பறை சத்தம் போடாமல் இருந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்பது அவருடைய முப்பத்திரண்டு வருட அனுபவம். திரையை மூடினார். மறுபடி அடித்தார். மறுபடி மௌனம். மறுபடி மூடினார்.

பதினோரு தடவை மூடினார். நோட்டில் எழுதினார்: “கறுப்புத் திரை. ஒன்றும் பேசவில்லை. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேன்.”

மூன்றாம் நாள் காலையில் பன்னிரண்டாவது தடவை அடித்துவிட்டு, வெறுத்துப்போய், மூடக்கூட மறந்து டீ குடிக்கக் கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது சுடர்விழி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். அதில் ‘சோதனை ஆஸ்பத்திரி: 0 குப்பி’ என்று இருந்தது.

“ஓடுதுங்க சார்.”

“எப்படி? திரைல ஒண்ணுமே வரலையே?”

“தப்பு வந்தாத்தான் அது பேசும். சரியா இருந்தா பேசாது.” சொல்லிவிட்டு அவள் தன் வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு அது தண்ணீர் குடிப்பது மாதிரி.

அர்த்தநாரிக்கு முகம் சிவந்தது. நேற்று ஓடிக்கொண்டிருந்ததைப் பதினோரு தடவை தன் கையாலேயே கொன்றிருக்கிறார். அட மடையா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ‘ஓடுகிறது’ என்று ஒரு வரி காட்டினால் என்ன என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் தனக்கு இவ்வளவு நேரம் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்து விழுந்த இடங்களையும் சேர்த்து நோட்டில் மொத்தம் நாற்பத்தொன்று ஆயிற்று. அதற்குள் எல்லாம் பிடிபட்டுவிட்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவார்.

வீட்டுக்குப் போய் நோட்டைத் திறந்து பார்த்தார். நாற்பத்தொரு முட்டாள்தனம், தன் சொந்தக் கையெழுத்தில். பழைய மாணவன் எவன் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது? தாள்களைக் கிழித்தார். நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். வெற்றுத் தாள்கள் மிச்சம் இருந்ததால் நோட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டார். வாத்தியார் வீட்டில் வெள்ளைத் தாள் வீணாகாது.

பிறகு உட்கார்ந்து எழுதினார். இருபத்தாறு பக்கம். முன்னுரை, வரலாறு, கலைச்சொல் விளக்கம், படிப்படியான செயல்முறை. பிழையில்லாத தமிழ். பதினான்காம் பக்கத்தில் அந்தக் கடைசி வரி வந்தது. அதன் கீழே எழுதினார்: “இதன் பின்னர் சேவை இயங்கத் தொடங்கும்.” ஒரே வாக்கியம். அதில் ஒரு பொய்யும் இல்லை.

சுடர்விழி முழுவதையும் படித்தாள்.

“அந்த நோட்டு எங்கங்க சார்?”

“அது வெறும் கிறுக்கல்ம்மா. தேவையானது எல்லாம் இதுலயே வந்திருச்சு.”

அவள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்ப் படித்தாள்.

“எனக்கு ஒரு குறையும் தெரியலைங்க” என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவர் கவனித்தார், ஆனால் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கையேடு இணையத்தில் ஏறியது. அடியில் அவர் பெயர். எங்கெங்கோ இருக்கிற புரோகிராமர்கள் பிரமாதம் என்று எழுதினார்கள். அர்த்தநாரி அதை அச்செடுத்து, சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது கையோடு கொண்டுபோனார்.

*

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சுடர்விழிக்குப் போன் வந்தது. மலைப்பக்கம் ஓடும் ஆம்புலன்ஸின் ஓட்டுநர் பேசினார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அர்த்தநாரியும் கேட்டார்.

மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெரியண்ணன் என்பவரைப் போன வாரம் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பாதை பிரியும் இடத்தில் ஓட்டுநர் போனைப் பார்த்திருக்கிறார். மேலே நாலு கிலோமீட்டரில் மேல்சுனை ஆஸ்பத்திரி. போனில் அது இல்லை. போன வருடம் மருந்து இல்லை என்று அங்கே திருப்பி அனுப்பிய நினைவும் ஊருக்கு இருந்தது. வண்டியைக் கீழே விட்டார். மழையில், கொண்டை ஊசி வளைவுகளில், மூன்று மணி நேரம்.

“உசுரு இருக்குதுங்க” என்றார் ஓட்டுநர். “காலைத்தான் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னிக்குத்தாங்க தெரியும், மேல்சுனைல அன்னிக்கு டாக்டரும் இருந்தாரு, பன்னெண்டு குப்பியும் இருந்துச்சுன்னு.”

போனை வைத்ததும் சுடர்விழி மேல்சுனைக்குப் பேசினாள். அங்கிருந்த நர்ஸ் சொன்னது ஒரே வரி. “ஏத்திப் பாத்தோம், ஓடலைங்க.”

அர்த்தநாரிக்குக் கோபம் வந்தது. துக்கம் வர வேண்டிய இடத்தில் கோபம் முந்திக்கொண்டது.

“பதினாலாம் பக்கம் வரைக்கும் ஒவ்வொண்ணா எழுதி வெச்சிருக்கேன். படிக்கலைன்னா நான் என்னம்மா பண்றது? இதுக்கு மேல நான் எங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது?”

சுடர்விழி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“நாளைக்குக் காலைல மேல்சுனைக்குப் போறோம் சார்” என்றாள். “ஒரே ஒரு நிபந்தனை. நான் சொல்றவரைக்கும் அங்க நீங்க வாயைத் திறக்கக்கூடாது.”

*

மேல்சுனை ஆஸ்பத்திரியில் ஆறு படுக்கை. நர்ஸ் செல்லாயிக்கு நாற்பது வயது இருக்கும். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வைத்தாள்.

அது அவருடைய கையேடு. கீழே ஊருக்குப் போய் அச்செடுத்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்தாள். மூலைகள் மடங்கி நைந்திருந்தன. பதினான்காம் பக்கம் கையில் எடுத்தாலே கழன்று வந்துவிடும் போல இருந்தது. ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள்.

படிக்கவில்லை என்று நேற்றுச் சொன்னது அர்த்தநாரிக்கு நினைவு வந்தது.

“சார்தாங்க இதை எழுதினவரு” என்றாள் சுடர்விழி.

செல்லாயி எழுந்து நின்று கும்பிட்டாள். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். எனக்குத்தான் புத்தி எட்டலை.”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சுடர்விழி பார்த்தாள். மூடிக்கொண்டார்.

“முதல்லேருந்து ஒருக்கா செஞ்சு காட்டுறீங்களா? நாங்க சும்மா பாத்துட்டிருப்போம்” என்றாள் சுடர்விழி.

செல்லாயி தொடங்கினாள். ஒரு கையின் விரல் வரியின் மேல், மறுகையின் விரல் விசையின் மேல். அவசரப்படவில்லை. குப்பி எண்ணிக்கை கேட்ட படியில் பன்னிரண்டு என்று அடித்தாள். ஒவ்வொரு படியும் முடிந்ததும் ஊசி போட்டதைக் குறிப்பது போல ஓரத்தில் ஒரு சின்னக் கோடு இட்டாள். சில இடத்தில் தயங்கினாள். அங்கெல்லாம் பென்சில் கேள்விக்குறி இருந்தது. அர்த்தநாரியின் நாக்கு துடித்தது. வகுப்பில் ஒரு பையன் தப்பாக எழுதப்போனால் முதல் எழுத்திலேயே பிடித்துவிடுகிறவர் அவர். இங்கே கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினான்காம் பக்கம் வந்தது. செல்லாயி அந்த வரியை அடித்தாள். எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். என்டரைத் தட்டினாள்.

கறுப்புத் திரை. ஒன்றும் வரவில்லை.

“இதன் பின்னர் சேவை இயங்கத் தொடங்கும்” என்று செல்லாயி சத்தமாகப் படித்தாள். திரையைப் பார்த்தாள். காத்திருந்தாள். வெளியே மழைத் தண்ணீர் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வார்டிலிருந்து யாரோ கூப்பிட, போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். திரை அப்படியே இருந்தது.

“இங்கதாங்க. ஒவ்வொரு தடவையும் இங்கதான் நின்னுபோகுது.”

அது ஓடிக்கொண்டிருந்தது. அர்த்தநாரிக்குத் தெரியும். சுடர்விழிக்குத் தெரியும். அந்த அறையில் தெரியாதவள் ஒருத்திதான். அவளுக்காகத்தான் இருபத்தாறு பக்கம் எழுதப்பட்டது.

செல்லாயியின் கை மவுஸின் மேல் போனது. மூடப்போகிறாள். அர்த்தநாரி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். சுடர்விழி அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

செல்லாயி மூடினாள்.

“இருபது தடவையாவது பாத்திருப்பேங்க” என்றாள். “அப்புறம் விட்டுட்டேன். இவ்வளவு பெரிய சார் எழுதினது தப்பா இருக்குமா? நான்தான் ஏதோ தப்பு செய்யறேன்.”

சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். பதினேழாவது இடத்தில் தன் கையால் எழுதி, தன் கையாலேயே நாலாகக் கிழித்தது. அர்த்தநாரிக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள் இதே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டு தன் வகுப்பை விட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். அவர்களுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் ‘படிக்காதவன்’.

“இப்பச் சொல்லுங்க சார்” என்றாள் சுடர்விழி.

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

“இன்னொரு தடவை அடிங்கம்மா. அடிச்சுட்டு அப்படியே விட்டுருங்க. மூடாதீங்க. அது ஓடுதும்மா. சரியா இருந்தா அது பேசாது.”

செல்லாயி அடித்தாள். கறுப்புத் திரை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் சுடர்விழி தன் போனை அவளிடம் நீட்டினாள். அதில் ‘மேல்சுனை: 12 குப்பி’ என்று இருந்தது.

செல்லாயி நெடுநேரம் அதையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

“அன்னிக்கும் பன்னெண்டுதாங்க இருந்துச்சு” என்றாள்.

*

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அர்த்தநாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேரை அதுலேருந்து எடுத்துருங்க” என்றார். நேற்றுவரை ‘ஏம்மா’ என்றவர்தான். வாய் தானாக மாறிவிட்டது.

“பேரை எடுத்தா யாரைப் போய்க் கேப்பாங்க? அது இருக்கட்டுங்க.”

அவள் மடியில் லேப்டாப்பைத் திறந்து நிரலில் ஒரு வரியைச் சேர்த்தாள். அவரிடம் திருப்பிக் காட்டினாள். “கையிருப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் திரையை மூட வேண்டாம்.” இனிமேல் ஏற்றுகிறவர்களுக்குக் கறுப்புத் திரையில் இது தெரியும்.

“இவ்வளவுதானா?” என்றார் அர்த்தநாரி. அன்றைக்கு வாயெடுத்துக் கேட்காமல் விட்டது அந்த ஒரு வரிதான்.

“இது ஒரு இடங்க சார். நோட்டுல மொத்தம் எத்தனை இருந்துச்சு?”

“நாப்பத்தொண்ணு.”

“இருபத்தாறு ஆஸ்பத்திரி கையிருப்பை எடுத்திருக்கு. இதோட சேத்து ஓடறது பத்து. மத்தவங்க வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். அது என் தப்பு. பதினாறு பேரும் எங்கெங்க விழுந்து கெடக்கறாங்கன்னு தெரியலை. மத்த நாப்பது இடத்தையும் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளி வராதது. கோப்பு போய் ஒளிந்துகொண்ட இடம். விசைப்பலகை தமிழுக்கு மாறிக்கொண்டது. நாலாவதாக ஒன்று. கொஞ்சம் பொறுத்து ஐந்தாவது. அதோடு நின்றுவிட்டது. நெற்றியைத் தேய்த்தார். தான் ஏற்றிய விதத்தை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். எல்லாம் வழுவழுவென்று ஓடியது. ஒரு இடத்திலும் கால் இடறவில்லை.

“வரமாட்டேங்குதுங்க.”

“வராதுங்க. எனக்கும் வரலை. அதனாலதான் அன்னிக்கு உங்ககிட்ட நோட்டைக் குடுத்தேன்.”

முப்பத்தைந்து இடங்கள் குப்பையோடு போய்விட்டன. பதினாறு ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் எத்தனை குப்பி இருக்கிறதோ, எந்தக் காட்டில் யார் கால் இருக்கிறதோ. பெரியண்ணனை அவர் பார்த்ததுகூட இல்லை. பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்தார். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

“இப்ப எங்கிருந்துங்க ஆரம்பிக்கிறது?” என்று கேட்டார்.

அவர் பையிலிருந்து அந்த நோட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சுடர்விழி அதை உருவி எடுத்தாள். முன்பக்கம் கிழிந்த தாள்களின் அடி மட்டும் தையலோரம் துருத்திக்கொண்டு நின்றது. அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, எழுந்து உள்ளே போனாள். அவரும் பின்னால் போனார்.

உள்ளே செல்லாயி மேசையில் குனிந்திருந்தாள். கையேட்டைத் திறந்து வைத்து, ரப்பரால் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கம் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது.

“அழிக்காதீங்க!” என்று அர்த்தநாரி கத்திவிட்டார். வார்டில் இரண்டு தலை திரும்பிப் பார்த்தது.

செல்லாயி பயந்து ரப்பரைக் கீழே வைத்தாள். “இல்லீங்க சார்... புரியாம போட்டது. அதான் இப்ப ஓடிருச்சே. நீங்க எழுதினதுல நான் கண்ட கண்ட குறி போட்டு வெச்சிருக்கறது நல்லாவா இருக்கு?”

அவர் அந்தக் கட்டை இரண்டு கையாலும் எடுத்தார். மிச்சமிருந்த பக்கங்களைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் இரண்டு. ஐந்தில் ஒன்று. ஒன்பதில் நாலு. தான் அழகாக எழுதிவிட்டோம் என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒன்று நின்றது. பக்கத்தை விரித்து, பென்சில் தடம் கலையாமல் மெதுவாக மேசையில் திரும்ப வைத்தார்.

சுடர்விழி நோட்டைச் செல்லாயியின் முன்னால் வைத்தாள்.

“இந்தக் கேள்விக்குறி போட்ட இடத்தையெல்லாம் இதுல எழுதுங்க. அழிச்ச பக்கத்துல இருந்ததையும், ஞாபகம் இருக்கும்போதே.”

“நானாங்க?” செல்லாயி நோட்டைத் தொடவில்லை. “நான் புரியாம முழிச்சதை எழுதி என்னங்க ஆகப்போகுது? சார் பக்கத்துலயே இருக்காரு. அவரே எழுதட்டுமே. அவருக்குத் தெரியாததா?”

“அவருக்குத் தெரிஞ்சு போச்சுங்க” என்றாள் சுடர்விழி.

அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, செல்லாயியிடம் நீட்டினார்.